காசின் அடியில் கிடக்கும் முகம்

வானொலி மறையுரை
பொதுக்காலம் 29ஆம் ஞாயிறு – முதல் ஆண்டு
வாசகங்கள்: எசாயா 45:1,4-6, 1 தெசலோனிக்கர் 1:1-5, மத்தேயு 22:15-21

(கடையநல்லூரிலிருந்து வழங்கப்பட்டு வானொலியில் ஒலித்த மறையுரை, பங்கு மக்கள் மீண்டும் வாசிப்பதற்காக இங்கே எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கருப்பாநதி பாயும் கடையநல்லூரிலிருந்து உங்களோடு பேசுகிறோம். இந்நேரம் உங்களில் பலர் திருப்பலிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பீர்கள். காணிக்கை போடுவதற்கென்று பிள்ளைகள் கையில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தைக் கொடுத்திருப்பீர்கள். அதை ஒரு நிமிடம் திரும்ப வாங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் அசோகரின் தூணில் நிற்கும் சிங்கங்கள். அதன் கீழே, வாய்மையே வெல்லும் என்னும் பொருள்படும் சொற்கள். தினமும் எத்தனையோ முறை கை மாறுகிற இந்தப் படத்தை நாம் நின்று பார்ப்பதே இல்லை.

ஆனால் இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் ஒரு காசை நின்று பார்க்கச் சொல்கிறார்.

சில வாரங்களுக்கு முன், இந்த நற்செய்திப் பகுதியைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும் என்று, மறைக்கல்வி வகுப்பில் ஒரு பழைய காசின் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டினோம். உரோமைப் பேரரசின் பிற்காலத்தில், 1600 ஆண்டுகளுக்கு முன்பு அடிக்கப்பட்ட செப்புக்காசு. முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் தெரியும்படி ஒட்டிவிட்டு, “இதில் யார் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்” என்று கேட்டோம். “ராஜா” என்றான் ஒருவன். “சிறகு வச்ச சம்மனசு” என்றாள் இன்னொருத்தி. கடைசி வரிசையிலிருந்து ஒரு சின்னப் பிள்ளை எழுந்து, “ஃபாதர், கீழ ஒரு ஆளு கெடக்காரே, அவரு யாரு?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. இன்றைய மறையுரை அந்தப் பிள்ளைக்கு நாங்கள் சொல்ல வேண்டிய பதில்தான்.

முதலில் நற்செய்திக்கு வருவோம். பரிசேயரும் ஏரோதியரும் ஒன்று சேர்ந்து ஆண்டவரிடம் வருகிறார்கள். ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள்; இயேசுவை வீழ்த்துவதற்காக மட்டும் கூட்டுச் சேர்கிறார்கள். சீசருக்கு வரி கொடுப்பது முறையா, இல்லையா? இதுதான் கேள்வி. கொடுக்கலாம் என்றால் மக்கள் கைவிடுவார்கள். கூடாது என்றால் ஆளுநரிடம் கலகக்காரன் என்று காட்டிக்கொடுக்கலாம். ஆண்டவர் வரி கட்டும் நாணயத்தைக் காட்டும்படி கேட்கிறார். கவனியுங்கள்: அவரிடம் அந்தக் காசு இல்லை, கேட்டவர்களிடம் இருக்கிறது. கோவில் வளாகத்துக்குள்ளேயே, தூயவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்களின் மடியிலிருந்து சீசரின் முகம் வெளியே வருகிறது. இதில் இருக்கும் உருவம் யாருடையது என்று ஆண்டவர் கேட்கிறார். சீசருடையது என்கிறார்கள். அப்படியானால் சீசருக்கு உரியதைச் சீசருக்கும், கடவுளுக்கு உரியதைக் கடவுளுக்கும் கொடுங்கள் என்கிறார்.

அந்தக் காசு ஒரு தெனாரியம், வெள்ளிக்காசு. ஒரு நாள் கூலி. திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையில் மாலையில் கொடுக்கப்படுவதும் இதே தெனாரியம்தான். திபேரியு சீசரின் தலையும், தெய்வீக அகுஸ்துவின் மகன் என்ற பட்டமும் பொறித்த வகையே அன்று ஆண்டவர் முன் நீட்டப்பட்டது என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள்.

நேயர்களே, அந்த வகைக் காசு நம் மண்ணுக்கும் வந்திருக்கிறது. மிளகும் முத்தும் மணிக்கற்களும் வாங்க வந்த யவனக் கப்பல்கள் பொன்னும் வெள்ளியும் கொண்டுவந்தன. கொங்கு நாட்டுப் புதையல்களில் கிடைத்த உரோமை வெள்ளிக்காசுகளில் அகுஸ்து, திபேரியு இருவருடையவையே மிகுதி. ஆண்டவர் உருவம் காட்டிக் கேள்வி கேட்ட அதே காலத்தில், அதே உருவம் தமிழ்நாட்டு வணிகரின் பணப்பையிலும் இருந்தது. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த புதையலில் 501 உரோமைப் பொற்காசுகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. அங்கே தெய்வமாக வணங்கப்பட்ட முகம் இங்கே வெறும் பொன்னாக எடை போடப்பட்டிருக்கிறது.

பிறகு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து, வேறு வகைக் காசுகள் வந்தன. பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை, சிறு செப்புக்காசுகள். நம்மூரிலிருந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதுரைக்குப் பேருந்தில் போகிறோமே, அந்த மதுரை வைகை மணலிலும், கரூர் அமராவதி ஆற்று மணலிலும் இவை கிடைத்திருக்கின்றன. இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில், வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே, தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்விலும் கிடைத்தன. இந்தச் சிறு காசுகளைச் சேகரித்து, துடைத்து, உருவம் பார்த்து அடையாளம் சொன்னவர்களுள் முதன்மையானவர் நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள், 1994இல் இதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். பல காசுகள் சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். ஒரு கிராம், ஒன்றரை கிராம் எடை. கை மாறிக் கை மாறித் தேய்ந்து போனவை. கடலுக்கு அப்பாலுள்ள இலங்கையிலோ இவை ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன.

இவ்வளவு சின்னக் காசில் என்ன இருக்கும்? அந்தக் காலத்தில் செய்தித்தாள் இல்லை, வானொலி இல்லை. பேரரசர் தம்மைப் பற்றி மக்கள் என்ன நினைக்க வேண்டும் என்று விரும்பினாரோ, அதைக் காசில் அடித்து அனுப்பினார். எழுத்துத் தெரியாதவரும் படத்தைப் பார்ப்பார் அல்லவா?

ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கோஸ்மாஸ் என்ற கிறிஸ்தவப் பயணி ஒரு நிகழ்ச்சியை எழுதி வைத்திருக்கிறார். சோபத்ரோஸ் என்ற உரோமை வணிகர் இலங்கைக்கு வந்தார். அதே நேரத்தில் பாரசீகர் ஒருவரும் வந்திருந்தார். உங்கள் இருவரின் அரசர்களில் யார் பெரியவர் என்று இலங்கை மன்னர் கேட்டாராம். எங்கள் அரசரே பெரியவர் என்று பாரசீகர் முந்திக்கொண்டார். சோபத்ரோஸ் பொறுமையாக, இரண்டு அரசர்களும் இங்கேயே இருக்கிறார்களே, காசுகளைப் பாருங்கள் என்றாராம். உரோமைப் பொற்காசையும் பாரசீக வெள்ளிக்காசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த மன்னர், உரோமையருக்குத் தீர்ப்புச் சொல்லி, சோபத்ரோசை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டாராம். ஒரு காசுக்குள் ஓர் அரசரே உட்கார்ந்திருப்பதாகத்தான் அன்று உலகம் நினைத்தது.

இப்போது அந்தச் செப்புக்காசுகளைப் பார்ப்போம். முன்பக்கத்தில் பேரரசரின் தலை. நெற்றியைச் சுற்றி முத்துப் பதித்த பட்டம். கண் பெரிதாக இருக்கும். ஆளுக்கு ஆள் முகம் பெரிதாக மாறுவதில்லை; எழுத்தைப் படித்தால்தான் யார் என்று தெரியும். பின்பக்கத்தில்தான் கதை இருக்கிறது.

கான்ஸ்டன்டைன் பேரரசர் 337இல் இறந்தார். அவருடைய பிள்ளைகள் தந்தையின் நினைவாக ஒரு காசு அடித்தார்கள். நான்கு குதிரை பூட்டிய தேரில் அவர் விண்ணுக்கு ஏறுகிறார். மேலேயிருந்து ஒரு கை அவரை வரவேற்க நீள்கிறது. கடவுளின் கை. அதற்கு முன்பு வரை, இறந்த பேரரசர்களைத் தெய்வமாக்கிக் காசு அடித்த நாடு அது. இப்போது பேரரசர்கூடக் கடவுளின் கைக்குக் கீழே இருக்கிறவர்தான் என்று காசு சொல்கிறது. நல்ல தொடக்கம்தான்.

அடுத்து 364 முதல் 378 வரை கிழக்கில் ஆண்ட வாலன்சும், அவருடைய அண்ணன் முதலாம் வாலன்டினியனும் அடித்த காசு. சுற்றிலும் உரோமையரின் மாட்சி என்று எழுதியிருக்கிறது. பேரரசர் வேகமாக நடக்கிறார். ஒரு கையில் கொடிக்கம்பம். அதன் துணியில் கிறிஸ்துவின் பெயரைக் குறிக்கும் கிரேக்க எழுத்துகள். மற்றொரு கையில் ஒரு மனிதனின் தலைமுடி. போரில் பிடிபட்ட ஒரு கைதியை, முடியைப் பிடித்துத் தரையோடு இழுத்துக்கொண்டு போகிறார்.

அடுத்து, 388ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கும் காசு. முதலாம் தியோடோசியுஸ், இரண்டாம் வாலன்டினியன், அர்க்காடியுஸ், ஒனோரியுஸ் ஆகியோர் காலத்தது. அழகன்குளத்தில் கிடைத்த காசுகளில் தியோடோசியுஸ், அர்க்காடியுஸ் பெயருள்ளவையும் உண்டு. இந்தக் காசில் சிறகுள்ள வெற்றித் தேவதை தோளில் வெற்றிச் சின்னத்தைச் சுமந்துகொண்டு நடக்கிறாள். மறு கையால் ஒரு கைதியை இழுக்கிறாள். பக்கத்தில் வெற்றிடத்தில், நம் ஆண்டவரின் பெயர்க்குறி, சிலுவை வடிவில். சுற்றிலும் எழுதியிருப்பது “சாலூஸ் ரெய்பூப்ளிகே”. நாட்டின் நலம் என்று பொருள். “சாலூஸ்” என்ற அந்த இலத்தீன் சொல்லுக்கு மீட்பு என்றும் பொருள் உண்டு. திருச்சபையின் இலத்தீன் மன்றாட்டுகளில் மீட்பைக் குறிக்க வரும் சொல் அதுதான்.

எங்கள் வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்தது இந்தக் காசின் படம். பிள்ளை கேட்ட ஆள், இந்தக் கைதிதான்.

சகோதர சகோதரிகளே, இதை உரோமையரைக் குறை சொல்வதற்காக மட்டும் சொல்லவில்லை. காசு அடித்தவர்கள் சிலைக்குப் பலியிட்டவர்கள் அல்லர். கிறிஸ்தவர்கள், ஆலயத்துக்கு வந்தவர்கள். 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் திருச்சங்கத்தைக் கூட்டியவர் இதே தியோடோசியுஸ்தான். ஞாயிறுதோறும் நாம் சொல்கிற நீண்ட நம்பிக்கை அறிக்கை அந்தச் சங்கத்தோடு தொடர்புடையது. அப்படிப்பட்டவரின் காசில், கிறிஸ்துவின் குறியும் முடியைப் பிடித்து இழுக்கப்படும் மனிதனும் ஒரு விரல் அகலத்துக்குள் அக்கம்பக்கமாக இருக்கிறார்கள். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று காசு அடித்தவருக்குத் தோன்றவில்லை. வாங்கியவருக்கும் தோன்றவில்லை. ஒரு சிறுமிக்குத்தான் தோன்றியது.

இன்றைய முதல் வாசகத்தைக் கேட்போம். எசாயா இறைவாக்கினர் சைரசு என்ற பாரசீக மன்னரைப் பற்றிப் பேசுகிறார். அவர் யூதர் அல்லர்; இஸ்ரயேலின் கடவுளை அறியாதவர். ஆனாலும் ஆண்டவர் அவரைத் தம்மால் திருப்பொழிவு பெற்றவர் என்று அழைக்கிறார், அவருடைய வலக்கையைப் பற்றிக்கொள்கிறார். ஏன்? பாபிலோனில் கைதிகளாக இருந்த மக்களை அவர் ஊருக்குத் திரும்பிப் போக விட்டார். கடவுளின் பெயர் தெரியாத மன்னர் கைதிகளை விடுவித்தார். அவர் கையைக் கடவுள் பிடித்துக்கொண்டார். கடவுளின் பெயரைக் காசில் அடித்த மன்னர்களோ கைதியின் முடியைப் பிடித்துக்கொண்டார்கள். ஓர் அரசரின் கையில் என்ன இருக்கிறது என்பதைத்தான் கடவுள் பார்க்கிறார்.

இப்போது நற்செய்தியின் கேள்வி நமக்குத் திரும்பி வருகிறது. சீசரின் உருவம் காசில் இருக்கிறது, ஆகவே காசு சீசருக்கு. சரி. அரசுக்குச் சேர வேண்டிய வரியைக் கட்டுங்கள், சட்டத்தை மதியுங்கள். அதில் ஆண்டவர் நமக்கு விலக்கு எதுவும் தரவில்லை. ஆனால் கடவுளின் உருவம் எதில் பொறிக்கப்பட்டிருக்கிறது? தொடக்கநூலின் முதல் அதிகாரம் விடை தருகிறது: ஆணும் பெண்ணுமாக மனிதரைக் கடவுள் தம் சாயலில் படைத்தார். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெர்த்துல்லியன் என்ற ஆப்பிரிக்க எழுத்தாளர், காசில் உள்ள சாயல் சீசருக்கு, மனிதரில் உள்ள சாயல் கடவுளுக்கு என்று இந்த நற்செய்தியை விளக்கினார்.

அப்படியானால் அந்தச் செப்புக்காசில் கடவுளின் சாயல் எங்கே? முத்துப்பட்டம் கட்டிய முகத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காசின் அடியில், மண்டியிட்டு, தலை பின்னால் இழுபட்டு, பெயரில்லாமல் கிடக்கிறவரிடமும் அதே சாயல்தான் இருக்கிறது. பேரரசரின் பெயரை எழுத இடம் இருந்தது, பட்டங்களை எழுத இடம் இருந்தது, எந்த ஊர் நாணயச்சாலை என்பதற்குக்கூட இடம் இருந்தது. அவர் பெயருக்கு மட்டும் இடம் இல்லை. கல்வாரியில் ஆடை பறிக்கப்பட்டு, கைதியாக இழுத்துச் செல்லப்பட்ட ஒருவரை நாம் ஆண்டவர் என்று வணங்குகிறோம். காசில் அவருடைய குறியைச் சரியான இடத்தில் வைக்க வேண்டுமானால், அந்தக் கைதியின் தலைக்கு மேல் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் வாசகம் திருத்தூதர் பவுல் தெசலோனிக்க மக்களுக்கு எழுதியது. பவுலின் மடல்களில் மிகவும் பழையது இதுவே என்று பலர் சொல்வர். அவர்களுடைய நம்பிக்கையின் செயலையும், அன்பின் உழைப்பையும், எதிர்நோக்கின் பொறுமையையும் நினைத்து நன்றி சொல்கிறார். அந்தத் தெசலோனிக்காவிலும் பின்னாளில் பேரரசின் நாணயச்சாலை ஒன்று இருந்தது. 390ஆம் ஆண்டு அந்த நகரத்தில் ஒரு கொடுமை நடந்தது. தேரோட்டி ஒருவன் சிறைப்பட்டதற்காக மக்கள் கலகம் செய்து, படைத்தளபதி புத்தேரிக்கைக் கொன்றுவிட்டார்கள். கோபம் கொண்ட தியோடோசியுஸ் படையை ஏவினார். விளையாட்டரங்கில் கூடியிருந்த மக்கள், குற்றவாளி யார், வேடிக்கை பார்க்க வந்தவர் யார் என்ற விசாரணை இல்லாமல் வெட்டப்பட்டார்கள். ஏழாயிரம் பேர் என்று பழைய திருச்சபை வரலாற்றாசிரியர் தெயதோரேத்து எழுதுகிறார்.

அப்போது மிலான் நகரின் ஆயர் புனித அம்புரோஸ். பேரரசரின் நண்பர்தான். அவர் கூட்டத்தைக் கூட்டிக் கத்தவில்லை. தம் கையாலேயே ஒரு கடிதம் எழுதினார். மனம் வருந்திக் கடவுளிடம் திரும்பும்வரை, பேரரசர் இருக்கும் இடத்தில் தம்மால் திருப்பலி ஒப்புக்கொடுக்க இயலாது என்று எழுதினார். தாவீது அரசர் பாவம் செய்து பின் மனம் வருந்தியதை நினைவூட்டினார். தியோடோசியுஸ் கேட்டார். அரச உடையைக் களைந்துவிட்டு, மக்கள் முன்னிலையில் ஆலயத்தில் மன்னிப்புக் கேட்டு மன்றாடினார். அந்த ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவின்போது மீண்டும் நற்கருணை பெற ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

எண்ணிப் பாருங்கள். காசில் அவருக்குத் தலையில் முத்துப்பட்டம். அந்த ஆலயத்தில் அவர் தலை குனிந்து நின்றார். எந்தக் காசிலும் அந்தக் காட்சி அடிக்கப்படவில்லை. ஆனால் தியோடோசியுஸ் வாழ்வில் கடவுளின் சாயல் மிகத் தெளிவாகத் தெரிந்த நாள் அதுவே என்று நாங்கள் நம்புகிறோம். சீசர் தமக்கு உரியது அல்லாததை எடுத்தார். கடவுளுக்கு உரிய மனிதரை எடுத்தார். திருச்சபை அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னது. அம்புரோசைப் போலச் சொல்வதற்கும், தியோடோசியுசைப் போலக் கேட்பதற்கும் நமக்கு மனம் வேண்டும்.

அதே அம்புரோசின் கையால் 387இல் திருமுழுக்குப் பெற்றவர் புனித அகுஸ்தீனார். நாம் கடவுளின் காசு என்று அவர் ஒரு மறையுரையில் சொல்கிறார். கருவூலத்திலிருந்து தவறி வெளியே போய்விட்ட காசு. அலைந்து திரிந்ததில் நம்மேல் இருந்த உருவம் தேய்ந்துவிட்டது. முதலில் நம்மை வார்த்தவரே வந்து மீண்டும் தம் உருவத்தை நம்மில் பதிக்கிறார் என்பது அவர் விளக்கம். இந்தச் செப்புக்காசுகள் அவர் கையிலும் புழங்கியவைதானே! இலங்கையில் கிடைத்தவற்றில் ஒரு வகை உண்டு: உரோமைக் காசைப் பார்த்து அங்குள்ளவர்களே வார்த்தது. எழுத்துத் தெரியாமல் பார்த்துச் செய்ததால், பேரரசரின் பெயர் வெறும் கோடுகளாகிவிட்டது. நாமும் அப்படித்தான். கிறிஸ்தவர்களைப் பார்த்துக் கிறிஸ்தவர்களாகி, அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள் ஆகி, கடைசியில் கிறிஸ்துவின் பெயர் இருந்த இடத்தில் சில கோடுகள் மட்டும் மிஞ்சிவிடக் கூடாது.

தேய்ந்த உருவம் என்றதும் எங்கள் நினைவுக்கு வருகிறவர் ஓர் அம்மா. நம் தென்காசி வட்டாரத்தில் எத்தனை வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த அம்மாவும் சின்ன வயதிலிருந்து சுற்றுகிறவர். ரேஷன் கடையில் கைரேகை வைக்கச் சொன்னார்கள். வைத்தார். இயந்திரம் ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். மற்ற விரலை வைத்தார். ரேகை விழவில்லை. வருடக்கணக்கில் இலையைத் தேய்த்துத் தேய்த்து விரலில் ரேகையே இல்லாமல் போயிருக்கிறது. எங்களிடம் வந்து, “நான் இருக்கேன்னு மிஷினுக்குத் தெரியலியாம், ஃபாதர்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இயந்திரத்துக்குத் தெரியாதது கடவுளுக்குத் தெரியும். ஆனால் நமக்குத் தெரிகிறதா? நிறுவை குறைந்த இலையையும் தூளையும் கொடுத்துவிட்டு, ஆயிரம் பீடிக்குக் கணக்குக் கேட்கும் கை இருக்கிறது. நன்றாகச் சுற்றியதையும் கழிவு என்று ஒதுக்கிக் கூலியைக் குறைக்கும் கை இருக்கிறது. எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. அப்படிச் செய்கிற கையிலும் சில நேரம் செபமாலை இருக்கிறது, அதைத்தான் சொல்கிறோம்.

செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பணம் அடைபடும்வரை ஊருக்குத் திரும்பக் கூடாது, பிள்ளையின் திருவிழாவுக்குக்கூட வரக் கூடாது என்றால், அது முடியைப் பிடித்து இழுப்பதுதான். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நம் நாட்டில் 1976இலேயே வந்துவிட்டது. அப்படி யாராவது சிக்கியிருப்பது தெரிந்தால், வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ தெரிவிப்பது நம் கடமை. பயமாக இருந்தால் பங்குக் குருவிடம் சொல்லுங்கள், சேர்ந்து போவோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் தென்மாவட்டங்களில் ஒரே ஞானஸ்நானத் தண்ணீரில் நனைந்தவர்கள், இறந்த பிறகும் சாதி பார்த்துத் தனித்தனியாகப் புதைக்கப்படும் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. சப்பரம் எந்தத் தெருவுக்குள் போகும், எந்தத் தெருவுக்குள் போகாது என்ற கணக்கும் இருக்கிறது. சப்பரத்தின் உச்சியில் சிலுவை. அடியில் ஒரு தெருவே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. வைகை மணலில் கிடைத்த காசில் பார்த்தோமே, அதே படம்தான் இது. அந்தக் காசை அடித்தவர்கள் மண்ணாகிவிட்டார்கள். இந்தப் படத்தை இன்றும் அடித்துக்கொண்டிருப்பவர்கள் நாமே.

ஆகவே இந்த வாரத்துக்கு மூன்று சிறு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம். முதலாவது: நம்மிடம் வேலை செய்கிறவருக்கு, நம் வீட்டில் துணி துவைக்கிறவராக இருந்தாலும் வயலில் களை எடுக்கிறவராக இருந்தாலும், பாக்கிக் கூலி இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்குள் கொடுத்துவிடுவோம். தெனாரியம் ஒரு நாள் கூலி என்பதை மறக்க வேண்டாம். இரண்டாவது: பெயர் தெரியாமலே நாம் ஏவுகிற ஒருவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெயர் சொல்லி அழைப்போம். மூன்றாவது: இன்று காணிக்கைத் தட்டில் காசு போடும்போது, இந்தக் கையில் வேறு யாருடைய முடியாவது சிக்கியிருக்கிறதா என்று ஒரு நொடி நினைத்துப் பார்ப்போம். சிக்கியிருந்தால், முதலில் அதை விட்டுவிட்டு வருவோம். பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் சகோதரரோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் சொல்லியிருக்கிறார் அல்லவா?

அடுத்த மறைக்கல்வி வகுப்பில் அந்தப் பிள்ளையை எழுப்பி நாங்கள் பதில் சொல்லப் போகிறோம். “கீழே கிடக்கிறவர் கடவுளின் பிள்ளை, பாப்பா. அவர் பெயரைக் காசு அடித்தவர்கள் எழுதவில்லை. ஆனால் ஆண்டவர் அதைத் தம் உள்ளங்கையில் பொறித்து வைத்திருக்கிறார்” என்று சொல்வோம்.

மன்றாடுவோம்: எங்கள் இறைவா, உம் சாயலை எங்களில் பொறித்தீர். உழைப்பாலும் கண்ணீராலும் விரல் தேய்ந்தவர்களை நீர் அறிந்திருக்கிறீர். அவர்களை எங்களுக்கும் அடையாளம் காட்டும். அதிகாரம் உள்ளவர்களின் கையை நீரே பற்றிக்கொள்ளும். அவர்கள் கைதிகளை விடுவிக்கும் சைரசைப் போல ஆகட்டும். பேசவேண்டிய இடத்தில் அம்புரோசின் துணிவையும், கேட்கவேண்டிய இடத்தில் தியோடோசியுசின் மனமாற்றத்தையும் எங்களுக்குத் தாரும். எங்கள் பாவத்தால் தேய்ந்துபோன உம் உருவத்தை எங்களில் மீண்டும் பதித்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக, ஆமென்.